ஐந்தில் ஒன்று

நல்ல சேதி வந்த வீட்டில் அன்றைக்கே பாத்திரம் தீய வேண்டுமா? ரேவதி வீட்டில் தீய்ந்தது. ஜெகதீஷை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அதே சாயங்காலம், அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்து, பாத்திரமே கறுத்துப்போனது. இது போன வாரம் நடந்தது. "போனப் பாத்துட்டே இருந்துட்டேன்" என்றான். ரேவதி போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தாள். அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டையை முடித்துவைத்தவர் அவள் அப்பா சென்னப்பன். சூளகிரிக்குப் பக்கத்தில் கொத்தமல்லி போடுகிறவர். கோவில்பட்டியிலிருந்து வேலை தேடி வந்தவனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால் கல்யாணத்தைச் செய்துவைத்தாரே தவிர, இத்தனை வருஷமும் மருமகனை "அந்தத் தம்பி" என்றுதான் சொல்வார். இன்சார்ஜ் சேதி காதில் விழுந்ததும், ஒரு கட்டு கொத்தமல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "மாப்ள இல்லியாம்மா?" என்று கேட்டார். ஜெகதீஷ் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே திரிந்தான்.

அவன் இன்சார்ஜாகப் போகிற முதல் நாள் இன்றுதான். மத்தியான ஷிஃப்ட். அதற்கு முன்னால், காலையில், பெண்டாட்டியின் வகுப்பில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

ரேவதி வேலை பார்ப்பது பெங்களூரு ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி. யு.கே.ஜி. அவள் பொறுப்பு. மகள் ஸ்வாதியும் அதே வகுப்புதான். பள்ளியில் அம்மாவை "மிஸ்" என்று கூப்பிடப் பழகி, வீட்டிலும் பாதி நேரம் மிஸ்தான். வகுப்பில் முதல் பெஞ்சு தெலுங்கு, இரண்டாவது கன்னடம், ஜன்னலோரம் தெற்கத்தித் தமிழ். ஒரு குழந்தை அழுதால் எந்த பாஷையில் அழுகிறது என்று பார்த்துத்தான் சமாதானம் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பாஷை இங்கிலீஷ் என்கிறது பள்ளிக்கூடம். அது ஒருவருக்கும் தெரியாது என்பதில் பொதுதான்.

இந்த வாரம் ஐம்புலன் பாடம். கண், காது, மூக்கு, நாக்கு, கை என்று ஐந்து படம், பக்கத்தில் ஐந்து வரி. "ஐ ஸ்மெல் வித் மை நோஸ்" என்று கோரஸாகக் கத்தவைத்துவிட்டு மறுபக்கம் திருப்பிவிடலாம். மற்ற மிஸ்கள் அப்படித்தான் திருப்புகிறார்கள். ரேவதிக்கு அது ஆகாது. குழந்தை முதலில் மோந்து பார்க்கட்டும், மூஞ்சியைச் சுளிக்கட்டும், அந்த நேரம் பார்த்து வார்த்தையைக் கொடுத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. கண்ணுக்கான நாளில், கண்ணைக் கட்டிக்கொண்டு "ஐ கேனாட் சீ, ஐ கேனாட் சீ" என்று வகுப்பு முழுக்கத் தடவித் தடவி நடந்தார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அந்த வாக்கியம் இனி ஒருவருக்கும் மறக்காது.

இன்று மூக்கின் முறை. டீக்கடைப் பேப்பர் கப்புகளில் பஞ்சு வைத்து, பஞ்சுக்குள் ஒவ்வொரு வாசனையாகப் பொதிந்து, வாயை மெல்லிய துணியால் கட்டியிருந்தாள். கண்ணால் பார்த்தோ, குலுக்கிக் காதால் கேட்டோ கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு பஞ்சு. பெற்றோரின் கண்ணைப் பிள்ளை கட்ட வேண்டும். கப்பை நீட்ட வேண்டும். பெரியவர் அவருடைய பாஷையில் சொல்லட்டும். பிள்ளை எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதுதான் விளையாட்டு.

வந்தவர்கள் எல்லாம் அப்பாக்கள். அம்மாக்கள் விடிந்ததும் ரோஜாப் பண்ணைக்கும் கார்மென்ட்ஸுக்கும் வேன் ஏறிவிடுவார்கள். செகண்ட் ஷிஃப்ட் அப்பாக்களுக்குத்தான் இந்த ஊரில் காலைப்பொழுது என்று ஒன்று உண்டு. தூக்கம் கலையாத முகத்தோடு, முழங்கால் முகவாயில் இடிக்க, குட்டி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி போட்டுத் தலைமையாசிரியை ஜெயமணி மேடமும் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கேட்டால் அவர் புருவம் தானாக ஏறும்.

முதலில் சுபாஷ். பள்ளி திறந்ததிலிருந்து வாயைத் திறக்காத தெலுங்குக்காரப் பிள்ளை. அவன் அப்பா சென்னகிருஷ்ணன் கப்பை மோந்துவிட்டு, "கொத்திமீரா" என்றார். சுபாஷ் கப்பைப் பிடுங்கித் தானும் மோந்தான். அவர்கள் வீட்டு முற்றத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கிற கொத்தமல்லி வாசனை. முகம் மலர்ந்துபோய், "மை ஃபாதர் கேன் ஸ்மெல் கொத்திமீரா" என்றான்.

மேடத்தின் புருவம் ஏறியது. "கோரியாண்டர் சொல்லிக் குடுக்கலியா ரேவதி?"

"வாயே தொறக்காத புள்ள மேடம். வாசன வந்துடுச்சி, வார்த்த நாளைக்கி வந்துடும்."

 சுபாஷ் இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். ரேவதிக்கு அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை.

அடுத்து ஸ்வாதி. அப்பாவின் கண்ணைத் தன் டர்க்கி டவலால் இறுக்கிக் கட்டினாள். பெருங்காயக் கப்பை நீட்டினாள். வகுப்பிலேயே சுலபமான கப் அது. துணிக்கு மேலேயே வீசும்.

ஜெகதீஷ் கப்பை வாங்கினான். மூக்குக்குக் கொண்டுபோக வேண்டியதை முதலில் காதுக்குக் கொண்டுபோனான். லேசாகக் குலுக்கினான். பிறகு மூக்கில் வைத்துப் பலமாக இழுத்தான்.

"மல்லிப்பூ" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்பாக்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெகதீஷும் சிரித்தான். ஸ்வாதி அடுத்த கப்பை நீட்டினாள். அது நிஜமாகவே மல்லிப்பூ. மறுபடி காதோரம் ஒரு குலுக்கு, மூக்கில் ஓர் இழுப்பு. "இது காப்பித்தூளு."

குழந்தைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஜெயமணி மேடமே வாயைப் பொத்திக்கொண்டார். ரேவதியும் சிரித்தாள். மனிதர் பிள்ளைகளுக்காகக் கோமாளி வேஷம் கட்டுகிறார் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் குலுக்கல் உறுத்தியது. விளையாட்டுக்குத் தப்பாகச் சொல்கிறவன் எதற்காகக் காதில் வைத்துக் கேட்க வேண்டும்?

சிரிக்காமல் நின்றது ஸ்வாதி ஒருத்திதான். கையைக் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்:

"மை ஃபாதர் கேனாட் ஸ்மெல்."

"வெரி குட்" என்று மேடம் கை தட்டினார். "கண்ணுக்குச் சொல்லிக் குடுத்தத மூக்குக்குப் போட்டுச் சொல்லுது பாருங்க. இது யாரு பொண்ணு, ரேவதி பொண்ணாச்சே."

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெகதீஷ் டவலை அவிழ்த்தான். ரேவதியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். 

மத்தியானம் மூன்று பேரும் பைக்கில் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் ரேவதி மகளைத்தான் கேட்டாள்.

"அப்பாக்கு வாசன வராதுன்னு உனுக்கு எப்பிடிடி தெரியும்?"

"என் சாக்ஸ அப்பா மூக்குல வெச்சேன் மிஸ். நீங்கன்னா ஓடுவீங்க. அப்பா ஓடவே இல்ல."

"எப்ப வெச்ச?"

"தெனமும் வெப்பேன்" என்று சொல்லிவிட்டு ஸ்வாதி பொம்மைப் படம் பார்க்கப் போய்விட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் பெரியவர்களிடம்தான் உஷாராக இருப்பார்கள். பக்கத்தில் சாக்ஸோடு ஒன்று திரிவது அவர்கள் நினைப்பிலேயே இருக்காது.

ஜெகதீஷ் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ரேவதி சோறு போடவில்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"என்ன எப்பத்திலேர்ந்து?"

"என்னாங்க, நான் யு.கே.ஜி. புள்ளயா?"

அவன் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "தீபாவளிக்கு முன்னாடியே போச்சு. சளின்னு நெனச்சேன். சளி போயிருச்சு, இது வரல. ஆசிட் தொட்டிப் பக்கம் நின்னு வேல பாத்தேம்லா, அதுல கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கும்போல."

"அப்ப அன்னிக்கிப் பாலு?"

"தெரியல ரேவதி. பொக வந்த பெறகுதான் பாத்தேன்."

"நேத்து வெச்ச மீன் கொழம்பு?"

"ஒறைப்பு தெரிஞ்சது. புளி தெரிஞ்சது." தட்டைக் கொஞ்சம் தள்ளினான். "மீனு தெரியல."

"சூப்பர்னு சொன்னீங்களே."

"நீ வச்சா நல்லாத்தான இருக்கும்."

ரேவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதமாக இந்த மனிதர் ருசி தெரியாமலே சாப்பிட்டு, தெரிந்த மாதிரியே பாராட்டி, தலையில் வைத்த பூவை மோந்து பார்க்கிற மாதிரி நடித்து... அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றவளுக்கு, அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"இன்சார்ஜுக்கு மொத வேலை என்னான்னு சொன்னீங்க?"

 அவன் சொல்ல வேண்டியதே இல்லை. போன வாரம்தான் பெருமையாக விளக்கியிருந்தான். அவன் வேலை பார்ப்பது ஒரு சின்ன பவுடர் கோட்டிங் யூனிட். வண்டிப் பாகங்களை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவெடுத்து, பவுடர் பெயின்ட் அடித்து ஓவனில் சுடுவார்கள். ஓவனுக்குச் சிலிண்டர் கேஸ். ஷிஃப்ட் மாறும்போது ஓவனை அணைத்து, திரும்பப் பற்றவைக்கிற வழக்கம். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று இருந்தது. பெயின்ட் தூள் அடைத்து அது சும்மா சும்மா கத்துகிறது என்று ஒயரைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதில் இன்சார்ஜின் மூக்கு. அவர் சிலிண்டர் வரிசையையும் ஓவனையும் ஒரு சுற்று சுற்றி, மோந்து பார்த்து, கையைத் தூக்க வேண்டும். கை மேலே போனால்தான் பர்னரைப் பற்றவைப்பார்கள். ஜெகதீஷ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கசிவை ஒருவருக்கும் முன்னால் மோந்து கண்டுபிடித்தவன். அந்தப் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது.

"இன்னிக்கி நீங்க கையத் தூக்குவீங்க. அப்பிடித்தான?"

"செல்வம் கூட வருவாம்லா. பர்னர் பத்தவைக்கதே அவந்தான். அவன் மூஞ்சியப் பாத்துக்கிடுவேன். கசிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சிரும்."

செல்வம் அவன் கூடப்பிறந்த தம்பி. அதே யூனிட். பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்திருக்கிறான். மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

"செல்வத்துகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"யாருகிட்டயாவது?"

"சொன்னா என்ன செய்வாங்க தெரியுமா? இன்சார்ஜ் போயிரும். அதோட சேந்து பெர்மனென்ட்டும் போயிரும். மூக்கு போனவனுக்கு எங்கன வேல போட்டுக் குடுப்பாங்க? ஒங்கப்பா மறுபடியும் அந்தத் தம்பிம்பாரு."

"எங்கப்பா என்னா வேணாலும் சொல்லிக்கட்டும்" என்றாள் ரேவதி. "நீங்க உசுரோட வீட்டுக்கு வரணும். செல்வம் வரணும். அங்க வேலை செய்யற புள்ளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போவணும். எனுக்கு வேற ஒண்ணும் வேணாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோபம் தணிந்துவிட்டது, பயம் மட்டும் இருந்தது.

வாசலில் செல்வத்தின் வண்டி வந்து நின்றது. "மதினி, பசி உசுரு போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு நின்றான். "என்ன, மறுபடியும் பாலா?"

"ஒக்காரு செல்வம்" என்றாள் ரேவதி. கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்க."

ஜெகதீஷ் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். மூக்கு போனது, மறைத்தது, இன்று என்ன செய்ய நினைத்திருந்தான் என்பது. "நீ மோந்து பாத்து எனக்குக் கண்ணக் காட்டு. நான் கையத் தூக்குதேன். கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள டாக்டரப் பாத்துருவேன்."

செல்வம் சிரிப்பான் அல்லது திட்டுவான் என்று ரேவதி எதிர்பார்த்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. முகம் வெளிறிப்போய் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, வெளையாடுதியா?"

"இல்லலே."

"எனக்கும் வராதுண்ணே."

அடுத்த அறையில் பொம்மைப் படம் பாடிக்கொண்டிருந்தது. ரேவதி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எப்பத்திலேர்ந்து செல்வம்?"

"போன ஆடிலயே போயிருச்சு மதினி. இவன்ட்டச் சொன்னா ஊருக்குப் போயிரும்பான், அம்மா கெடந்து அழுவான்னு சொல்லல. அதான் அண்ணன் இன்சார்ஜா வாராம்னதும் எனக்கு அம்புட்டுச் சந்தோசம். அவன் மூக்கு கம்பெனிக்கே தெரிஞ்ச மூக்கு. இனிமே பயமில்லாமப் பத்தவைக்கலாம்னு இருந்தேன்."

தம்பியின் முகத்தைப் பார்த்து அண்ணன் கையைத் தூக்குவான். அண்ணனின் கையைப் பார்த்துத் தம்பி நெருப்பு வைப்பான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது நடந்திருக்கும்.  கடவுளே, என் பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தால் என்று ரேவதி நினைத்தாள். நினைப்பை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இப்ப ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு ஓடிட்டுருக்குல்ல?" என்றாள். "அங்க காலைல மோந்து பாத்தது யாரு?"

"முனிவேல் அண்ணன்" என்றான் செல்வம்.

"அவருக்கு வருமா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனிவேல் அந்த யூனிட்டில் எல்லாருக்கும் மூத்தவர். ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரையும்விட அதிக காலம் நின்றவரும் அவர்தான்.

"கேட்டதில்ல மதினி. யாரும் யாரையும் கேட்டதில்ல."

ஜெகதீஷ் போனை எடுத்தான்.  ஸ்பீக்கரில் போட்டான். இரண்டாவது தடவைதான் முனிவேல் எடுத்தார். பின்னால் ஓவன் விசிறியின் இரைச்சல்.

"இன்னாப்பா இன்சார்ஜ், கெளம்பிட்டியா?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். காலைல மோந்து பாத்தீகளா?"

"பாத்துட்டுத்தான கையத் தூக்குனன். எதுக்கு?"

"ஒங்களுக்கு வாசன வருதாண்ணே? எனக்கு வரல. தீபாவளிக்கு முன்னாடியே போயிருச்சு. செல்வத்துக்கும் வரல."

 அவர் எங்கேயோ ஒதுங்கிப்போகிற மாதிரி இரைச்சல் கொஞ்சம் குறைந்தது.

"டேய், வெளையாடாத."

"வெளையாடலண்ணே."

"உன்ன இன்சார்ஜா போடச் சொன்னதே நான்தான்டா." குரல் உடைந்துபோயிருந்தது. "எனுக்கு வர்றது நின்னு வருசக்கணக்கா ஆவுது. பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு தள்ளிக்கினே வந்துட்டன். தெனமும் சாமி பேரச் சொல்லித்தான் கையத் தூக்குறன். என்னால முடியலப்பா. அதான் மேனேஜர்கிட்ட, ஜெகதீஷ போடுங்க சார், அவன் மூக்கு நல்ல மூக்குன்னு சொன்னன். நீ வந்துட்டா ஒரு ஷிஃப்ட்டாவது நிம்மதின்னு இருந்தன்டா."

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வம் சுவரில் சாய்ந்துவிட்டான். ஜெகதீஷ் எழுந்து நின்றான்.

"அண்ணே, ஓவன அணைங்க. சிலிண்டர் வால்வ எல்லாம் மூடுங்க. ஆளுகள வெளிய கூட்டிட்டு வந்து ரோட்டுல நிக்கச் சொல்லுங்க. நாங்க இந்தா வாரோம்."

"உள்ள லோடு ஓடிக்கினு இருக்குதுப்பா. பாதியில நிறுத்துனா அத்தினியும் வீணாப்போவும். யாரக் கேட்டு நிறுத்துனன்னு மேனேஜர் கேட்டா நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

ஜெகதீஷ் ரேவதியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"புது இன்சார்ஜ் சொன்னாம்னு சொல்லுங்க."

 போனில் ஓவனின் இரைச்சல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.